உயிரியல் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு: 'நினைவாற்றல் இல்லை' என்ற அந்தக் கட்டத்தை அழித்துவிடுங்கள்

பாடநூல் எழுதுகிறவர்கள், அதைச் சரிபார்க்கிறவர்கள், அதை வைத்துக் கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நோயெதிர்ப்பு பற்றிய பாடத்தில் ஓர் அட்டவணை போடுவீர்களே, இடப்பக்கம் பிறவியிலேயே உள்ள இயல்பான எதிர்ப்பாற்றல், வலப்பக்கம் கிருமியைச் சந்தித்த பின் உருவாகும் பெறப்பட்ட எதிர்ப்பாற்றல், அதில் 'நினைவாற்றல்' என்ற வரிசையில் இந்தப் பக்கம் 'இல்லை', அந்தப் பக்கம் 'உண்டு'. அதற்குக் கீழேயே, பெறப்பட்ட எதிர்ப்பாற்றல் முதுகெலும்பிகளுக்கு மட்டுமே உரியது என்று ஒரு வரி. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற மாணவர் என்ன முடிவுக்கு வருவார்? ஒருமுறை வந்துபோன கிருமியை நினைவில் வைத்துக்கொள்வது மீன் முதல் மனிதன் வரைக்கும்தான், பூச்சிக்கும் செடிக்கும் பாக்டீரியாவுக்கும் அது கிடையாது என்றுதானே? அப்படித்தான் வருகிறார்கள். இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். சரியா தவறா என்று கேட்டால் தயங்காமல் 'சரி' என்று குறித்துவிட்டு முழு மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அது தவறு. ஒரு காலத்தில் தெரிந்ததை வைத்து எழுதினீர்கள், அதில் குற்றமில்லை. ஆனால் கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தத் துறையில் வந்திருப்பவை அந்த அட்டவணையை நிற்கவிடவில்லை. எல்லாமே பெரிய ஆய்விதழ்களில் பலர் அறிய வந்தவைதான். பாடநூல் மட்டும் அசையவில்லை.

நினைவு என்று எதைச் சொல்கிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம். ஒரு கிருமியை முதல்முறை சந்தித்த உடல், அது மறுபடி வரும்போது வேறு விதமாக, பெரும்பாலும் வேகமாகவோ வலுவாகவோ நடந்துகொள்கிறது. அந்த மாற்றம் கிருமி போன பிறகும் தங்குகிறது. அளவுகோல் இவ்வளவுதான். இதில் பி செல், டி செல் என்னும் குறிப்பிட்ட வெள்ளணுக்கள் வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. அவை இந்த வேலையைச் செய்ய ஒரு வழி, அருமையான வழி, ஆனால் ஒரே வழி இல்லை.

அந்த ஒரு வழியைப் பற்றியாவது உயிரோட்டமாக எழுதியிருக்கிறீர்களா என்றால், அதுவும் இல்லை. 'நினைவு செல்கள் பல ஆண்டுகள் வாழும்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். எத்தனை ஆண்டுகள், யார் பார்த்தார்கள், எப்படித் தெரியும்? 1846இல் வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை புகுந்தது. அதற்கு முன் அங்கே தட்டம்மை வந்தது 1781இல். இடையில் 65 ஆண்டுகள் தீவுகளில் அந்த நோயே கிடையாது, கப்பல் கொண்டுவந்தால்தான் உண்டு. சுமார் 7800 பேர் கொண்ட மக்கள்தொகையில் ஏறக்குறைய 6000 பேர் படுத்துவிட்டார்கள். பீட்டர் லுட்விக் பனும் என்ற இளம் டேனிஷ் மருத்துவரை அரசு அனுப்பியது, அவர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். 1781இல் குழந்தையாக இருந்து நோய்ப்பட்டுத் தப்பியவர்கள் இப்போது கிழவர்கள், அவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வரவில்லை. அன்றைக்கு வைரஸ் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது, கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனாலும் எதிர்ப்பு நினைவின் ஆயுளை ஒரு மனிதர் கணக்கெடுத்துவிட்டார். இடையில் நோயே வராததால், அவ்வப்போது கிருமியைச் சந்தித்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. இதைவிட நல்ல இயற்கைப் பரிசோதனை வேண்டுமா?

அப்புறம் 2008. 1918 இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயைப் பார்த்து, 91 வயதுக்கு மேலும் வாழ்ந்துகொண்டிருந்த 32 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அத்தனை பேரிடமும் அந்த 1918 வைரஸை அடையாளம் காணும் ஆன்டிபாடிகள் இருந்தன. சிலரிடமிருந்து அந்த ஆன்டிபாடியைச் சுரக்கும் பி செல்களையே பிரித்தெடுத்தார்கள், ஏறக்குறைய 90 ஆண்டு கழித்து. இந்த இரண்டு சம்பவங்களையும் போட்டாலே 'பல ஆண்டுகள்' என்ற அந்தச் சோம்பேறிச் சொல்லுக்கு வேலையில்லாமல் போய்விடும்.

சரி, இது மனிதர் கதை. என் பெரிய புகார் பாக்டீரியாவைப் பற்றியது.

கிரிஸ்பரை நீங்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். உயிர்த்தொழில்நுட்பம் என்ற கடைசிப் பாடத்தில், மரபணுவை வெட்டும் கத்தரிக்கோல் என்று ஒரு படம், 2020 நோபல் பரிசு பெற்ற இம்மானுவேல் ஷார்பென்டியேர், ஜெனிஃபர் டவுட்னா இருவரின் பெயர், பயிரை மாற்றலாம் நோயைக் குணப்படுத்தலாம் என்று நான்கு வரி. அந்தக் கத்தரிக்கோல் எங்கிருந்து வந்தது, பாக்டீரியா அதை எதற்கு வைத்திருந்தது என்ற கேள்விக்கு ஒரு வரி கூடக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் 'பாக்டீரியாவின் பாதுகாப்பு அமைப்பு' என்று போகிற போக்கில் முடிந்துவிடும். ஆனால் அது இருக்க வேண்டிய இடம் நோயெதிர்ப்புப் பாடம். அதிலும் நினைவாற்றல் பகுதியின் முதல் பக்கம்.

1987இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோஷிசுமி இஷினோவின் குழு ஈ. கோலை பாக்டீரியாவின் ஒரு மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தபோது அதன் அருகில் ஒரே மாதிரியான டிஎன்ஏ துண்டு திரும்பத் திரும்ப வருவதையும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் வேறு வேறு துண்டுகள் செருகியிருப்பதையும் பார்த்தது. இந்த அமைப்புதான் பின்னால் கிரிஸ்பர் என்று பெயர் பெற்றது, அன்றைக்கு எதற்கென்று புரியவில்லை. ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ மோஹிகா, உப்பளங்களில் வாழும் ஆர்க்கியா என்ற, பாக்டீரியா போன்ற ஒருசெல் உயிர்களில் அதே அமைப்பைப் பார்த்து, அதை விடாமல் பிடித்துக்கொண்டார். 2005இல் விடை கிடைத்தது: நடுவில் செருகியிருக்கிற துண்டுகள் வைரஸ்களிடமிருந்து வந்தவை. அதே ஆண்டில் வேறு இரண்டு குழுக்களும் தனித்தனியாக இதையே சொன்னார்கள். 2007இல், தயிர், பாலாடைக்கட்டி தயாரிப்பில் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவை வைத்துச் செய்த சோதனை விஷயத்தை முடித்துவைத்தது. வைரஸை ஏவினார்கள், பெரும்பாலான பாக்டீரியாக்கள் செத்தன, பிழைத்தவற்றின் டிஎன்ஏவைப் பார்த்தால் அந்த வைரஸின் சிறு துண்டு ஒன்று புதிதாக ஏறியிருந்தது. அந்தத் துண்டை நீக்கினால் எதிர்ப்பு போய்விட்டது. துண்டைச் செருகினால் எதிர்ப்பு வந்துவிட்டது. இவ்வளவு சுத்தமான சோதனையை நோயெதிர்ப்பு வரலாற்றிலேயே அதிகம் காட்ட முடியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வரிசை. புதிய துண்டு எப்போதும் ஒரே முனையில்தான் சேரும், பழையவை தள்ளிப்போகும். புதுப் பற்றை மேலே எழுதிக்கொண்டே போகும் கணக்குப் பேரேடு மாதிரி, ஒரு பாக்டீரியா வம்சம் எந்தெந்த வைரஸை எந்த வரிசையில் சந்தித்தது என்பதை அதன் டிஎன்ஏவிலிருந்தே ஓரளவு வாசிக்கலாம். பேரேடு முடிவில்லாமல் நீள்வதும் இல்லை, பழைய துண்டுகள் கழன்று போகின்றன, அதாவது மறதியும் உண்டு. வைரஸும் சும்மா இருப்பதில்லை, அந்தத் துண்டுக்கு எதிரான இடத்தில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு தப்பித்துவிடும், இன்னும் சில வைரஸ்கள் கிரிஸ்பரையே முடக்கும் புரதங்களை வைத்திருக்கின்றன. அப்புறம் 'தன்னை, பிறரை' வேறுபடுத்தும் சிக்கல். பேரேட்டில் இருக்கும் வைரஸ் துண்டு பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏவில்தானே இருக்கிறது, அதையே வெட்டிவிடாதா? வெட்டாது. வைரஸிடம் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய அடையாள எழுத்துத் தொடர் இருக்கும், பேரேட்டில் அது இருக்காது, அதைப் பார்த்துத்தான் கத்தி இறங்கும். உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் தன்னெதிர்ப்பு நோய் என்று மனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறீர்களே, அதே பிரச்சினையை ஒரே செல்லால் ஆன உயிர் எப்படிச் சமாளிக்கிறது என்று பக்கத்திலேயே போட்டால் மாணவருக்கு எவ்வளவு தெளிவாகும்!

இன்னொன்று. பாக்டீரியாவின் இந்த நினைவு பிள்ளைக்குப் போகிறது. நம்முடையது போவதில்லை. ஏன் என்று ஒரு மாணவர் கேட்டால் உங்கள் பாடத்தில் விடை இருக்கிறதா? கேள்வி எளிதானதில்லை, ஏனென்றால் நம் பி செல்லும் தன் டிஎன்ஏவையே வெட்டி ஒட்டித்தான் ஆன்டிபாடி மரபணுவை உருவாக்கிக்கொள்கிறது. சுசுமு டோனெகாவா 1976இல் காட்டியது அது, அதற்கு 1987இல் நோபல் கிடைத்தது. கிருமியைச் சந்தித்த பிறகு அந்த மரபணுவில் மேலும் மாற்றங்கள் செய்து ஆன்டிபாடியைக் கூர்தீட்டவும் செய்கிறது. ஆக நம் உடலும் டிஎன்ஏவில்தான் எழுதிவைக்கிறது. ஆனால் எழுதிய செல் இரத்தத்தில் சுற்றுகிறது, அல்லது எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்திருக்கிறது, கருமுட்டையும் விந்தணுவும் தனி வம்சம், அங்கே இந்த எழுத்து போய்ச் சேர வழியே இல்லை. பாக்டீரியாவில் எழுதிய செல்லேதான் அடுத்த தலைமுறையாகப் பிளக்கிறது. இதனால்தான் மனிதக் குழந்தை தாயின் ஆன்டிபாடிகளை நஞ்சுக்கொடி வழியாகக் கடனாக வாங்கிக்கொண்டு பிறக்கிறது, சில மாதங்களில் அந்தக் கடன் தீர்ந்ததும் தானே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தடுப்பூசி அட்டவணை ஏன் அவ்வளவு சிறு வயதிலேயே தொடங்குகிறது என்பதற்கான காரணத்தில் பாதி இதில் இருக்கிறது. நீங்கள் அட்டவணையை மட்டும் அச்சடித்துவிட்டுக் காரணத்தை விட்டுவிடுகிறீர்கள்.

செடிக்கு வருவோம். செடியில் இரத்தம் இல்லை, சுற்றித் திரிகிற செல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 1961இல் ஃபிராங்க் ராஸ் புகையிலைச் செடியின் கீழ் இலைகளில் புகையிலை மொசைக் வைரஸைத் தேய்த்துவிட்டு, சில நாள் கழித்து அதுவரை தொடாத மேல் இலைகளில் அதே வைரஸைத் தேய்த்தார். மேல் இலைகளில் வந்த புள்ளிகள் குறைவாகவும் சிறியதாகவும் இருந்தன. கீழே நடந்தது மேலே எப்படியோ தெரிந்துவிட்டது. அந்தச் செய்தியில் சாலிசிலிக் அமிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது பின்னால் தெரிந்தது. அதற்கு முன்பே 1979இல் புகையிலைக்கு, சாலிசிலிக் அமிலத்திலிருந்தே செய்யப்படும் ஆஸ்பிரினைக் கொடுத்தால் வைரஸ் எதிர்ப்பு கூடுகிறது என்று ஒருவர் கண்டிருந்தார். மாணவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிடமாவது வகுப்பு விழித்துக்கொள்ளும், நம்புங்கள். ஒருமுறை தாக்குண்ட செடியில் பாதுகாப்பு மரபணுக்கள் உடனே வேலையைத் தொடங்குவதில்லை, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் வேதிக் குறிகள் ஏறி, அடுத்தமுறை சீக்கிரம் இயங்கத் தயார் நிலையில் வைக்கப்படுகின்றன. எப்போதும் முழுவேகத்தில் எதிர்த்துக்கொண்டே இருக்கும்படி மாறிய செடிகள் குட்டையாகவே நின்றுவிடுகின்றன. அதனால்தான் இந்த அரைவிழிப்பு நிலை. 2012இல் வந்த ஆய்வுகளில், ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடிகளில் நோய்ப்பட்டவற்றின் விதையிலிருந்து முளைத்தவையும் கொஞ்சம் கூடுதல் எதிர்ப்போடு இருந்தன. இதில் ஒரு எழுத்துகூட டிஎன்ஏவில் மாறவில்லை, பாக்டீரியா செய்வதிலிருந்து முற்றிலும் வேறான வழி.

பூச்சிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதெல்லாம் அவற்றால் நமக்கு வரும் நோய்கள்தான். பூச்சிக்கும் நோய் வரும், அது அதை எதிர்கொள்ளும் என்பதே பாடத்தில் இல்லை. 2003இல் பூச்சிகளுக்கு உறவான கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலியை ஒரு நாடாப்புழுவின் இளநிலையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் முறை வந்தது முதலில் வந்த புழுவின் உடன்பிறப்பாக இருந்தால் தொற்று குறைவு, உறவில்லாத புழுவாக இருந்தால் அந்த அளவுக்குக் குறையவில்லை. முதுகெலும்பே இல்லாத ஒரு பிராணி புழுவின் குடும்பத்தை அடையாளம் கண்டுவிடுகிறது. பழ ஈக்கு நிமோகாக்கஸ் பாக்டீரியாவைக் கொல்லாத அளவில் கொடுத்தால், பிறகு கொல்லும் அளவில் கொடுத்தாலும் தாங்குகிறது, அதன் ஆயுள் முழுக்க. ஆனால் இது எல்லாக் கிருமிக்கும் நடப்பதில்லை, சோதித்துப் பார்த்த சில பாக்டீரியாக்களுக்கு ஈ எதையும் நினைவில் வைக்கவில்லை. மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவும் மலேரியா ஒட்டுண்ணியை ஒருமுறை சந்தித்த பிறகு எதிர்ப்பு செல்களைக் கூட்டி வைத்துக்கொள்கிறது என்று 2010இல் வந்தது. அதற்கு அதன் குடலில் வாழும் சாதாரண பாக்டீரியாக்கள் தேவைப்படுவது இன்னொரு வேடிக்கை. கொசுவுக்கு மலேரியா ஒரு தொல்லை என்பதையே நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம்.

தேனீக்குத் தடுப்பூசி வந்துவிட்டது, உங்களுக்குத் தெரியுமா? 2023 ஜனவரியில், அமெரிக்க வேளாண் துறை நிபந்தனையோடு உரிமம் கொடுத்ததாக அறிவிப்பு வந்தது. புழுக்களை அழுகச் செய்யும் ஒரு பாக்டீரியா நோய்க்கு எதிரானது. ஊசியெல்லாம் இல்லை. கொல்லப்பட்ட பாக்டீரியாவை வேலைக்காரத் தேனீக்களின் உணவில் கலந்துவிடுகிறார்கள், அவை அதை அரச கூழில் சேர்த்து ராணிக்கு ஊட்டுகின்றன, ராணியின் உடலில் விட்டெல்லோஜெனின் என்ற முட்டைக்கரு புரதம் பாக்டீரியாத் துண்டுகளைப் பிடித்து முட்டைக்குள் கொண்டு சேர்க்கிறது, பொரிக்கும் புழுக்கள் கூடுதல் எதிர்ப்போடு பிறக்கின்றன. தேனீயிடம் ஆன்டிபாடி கிடையாது, நினைவு செல் கிடையாது. உங்கள் அட்டவணைப்படி இந்தத் தடுப்பூசி வேலை செய்யவே கூடாது.

முதுகெலும்பிகளிலாவது எல்லாம் ஒரே மாதிரியா? லாம்ப்ரே என்ற தாடையில்லாத மீனுக்கு நம்முடையது போன்ற ஆன்டிபாடி இல்லை. 2004இல்தான் தெரிந்தது, அது லூசின் என்ற அமினோ அமிலம் நிறைந்த துண்டுகளைக் கலைத்துப் போட்டுச் சேர்த்து முற்றிலும் வேறு குடும்பத்துப் புரதங்களை ஆன்டிபாடி போலப் பயன்படுத்துகிறது. அதன் மூதாதையும் நம் மூதாதையும் பிரிந்து சுமார் 50 கோடி ஆண்டுகள் ஆகின்றன, இருவரும் தனித்தனிப் பொருளை வைத்து ஒரே வேலைக்கு வழி கண்டிருக்கிறார்கள். அட்லாண்டிக் காட் மீனின் மரபுத்தொகுதியை 2011இல் படித்தபோது, டி உதவி செல்களுக்கு அடிப்படை என்று நீங்கள் தடித்த எழுத்தில் போடும், கிருமித் துண்டுகளை அந்தச் செல்களுக்குக் காட்டும் எம்எச்சி இரண்டாம் வகைப் புரதங்களின் மரபணுக்களே அதில் இல்லை என்று தெரிந்தது. மீன் நன்றாகத்தான் இருக்கிறது.

இனி அட்டவணையின் அந்த 'இல்லை'. மனித உடலுக்குள்ளேயே அது நிற்கவில்லை. பிசிஜி தடுப்பூசி 1921இலிருந்து காசநோய்க்காகப் போடப்படுகிறது, ஆனால் அதைப் போட்ட குழந்தைகள் காசநோயோடு தொடர்பே இல்லாத தொற்றுகளிலும் குறைவாக இறப்பதாக நீண்ட காலமாகவே ஒரு பேச்சு உண்டு. நெதர்லாந்தில் மிஹாய் நெட்டியாவின் குழு 2012இல் வெளியிட்டதில், பிசிஜி போட்டுக்கொண்டவர்களின் மோனோசைட்டுகள், அதாவது இயல்பான எதிர்ப்பாற்றலைச் சேர்ந்த ஒருவகை வெள்ளணுக்கள், வேறு கிருமிகளுக்கும் வலுவாகப் பதில் கொடுத்தன. பி, டி இரண்டு வகைச் செல்களும் இல்லாத எலிகளைக்கூட பிசிஜி கேண்டிடா பூஞ்சையிடமிருந்து காப்பாற்றியது. மோனோசைட் இரத்தத்தில் வாழ்வதே சில நாள்தான், விளைவு மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கிறது, அது எப்படி? அவற்றைப் பெற்றெடுக்கும் எலும்பு மஜ்ஜையின் மூலச்செல்களிலேயே மாற்றம் பதிகிறது. செடியில் பார்த்த அதே ஹிஸ்டோன் குறிகள் இங்கேயும் வருகின்றன. இதை ஒரேயடியாகப் புகழ்ந்து எழுதச் சொல்லவில்லை. கோவிட் காலத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கு பிசிஜி போட்டுப் பார்த்த பெரிய சோதனையில் கோவிட்டுக்கு எதிரான பாதுகாப்பு தெரியவில்லை. அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டாவது குறை, நினைவு என்றாலே நன்மை என்கிற தொனி. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது, உடல் கற்றுக்கொள்கிறது, நன்று. டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கு ஏன் தடுப்பூசி போடுகிறார்கள் என்று உங்கள் பாடத்தைப் படித்த மாணவரால் சொல்ல முடியாது. அந்த நஞ்சு ஆளைச் சாய்க்கத் தேவையான அளவு மிக மிகச் சிறியது, எதிர்ப்பு மண்டலம் கவனித்து நினைவில் வைக்க அது போதாது. நோயே பாடம் நடத்தாத இடத்தில், நஞ்சை முடக்கிச் செய்த தடுப்பூசி பாடம் நடத்துகிறது. 'இயற்கையாக வந்த எதிர்ப்புதான் சிறந்தது' என்று பேசுகிறவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியவில்லை.

டெங்குவில் நினைவே வினையாகிவிடுகிறது. நான்கு வகை டெங்கு வைரஸ், ஒன்றுக்கு உருவான ஆன்டிபாடி இன்னொன்றை அரைகுறையாகப் பிடித்து, கொல்லாமல், அதை ஏற்கும் செல்லுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடலாம். அதனால்தான் இரண்டாம் தொற்று பலருக்கு முதலாவதைவிடக் கடுமையாகிறது. கியூபாவில் 1977இல் முதல் வகை பரவி, 1981இல் இரண்டாம் வகை வந்தபோது இதைத் தெளிவாகவே பார்த்தார்கள். இன்ஃப்ளூயன்சாவில் இன்னொரு விதம்: சிறுவயதில் முதன்முதலில் சந்தித்த வகையின் பக்கமே உடல் வாழ்நாள் முழுக்கச் சாய்ந்திருக்கும். 2016இல் வந்த ஒரு கணக்கீடு, பறவைக் காய்ச்சல் வகைகளில் எச்5என்1 யாரை அதிகம் தாக்குகிறது, எச்7என்9 யாரை என்று பார்த்தால் 1968 என்ற பிறந்த ஆண்டில் கோடு விழுகிறது என்றது. 1968க்கு முன் பிறந்தவர்கள் சிறுவயதில் எச்5என்1-க்கு உறவான வைரஸ்களைப் பார்த்தவர்கள், அதில் அவர்களுக்குக் கூடுதல் காப்பு. பின்னால் பிறந்தவர்களுக்கு எச்7என்9 பக்கம் காப்பு. நீங்கள் பிறந்த ஆண்டு உங்கள் எதிர்ப்பு மண்டலத்தில் எழுதியிருக்கிறது என்றால் எந்தப் பதினாறு வயதுக்குத்தான் ஆர்வம் வராது?

அப்புறம் தட்டம்மை. தனக்கு எதிரான நினைவை ஆயுளுக்கும் விட்டுச்செல்லும் அதே வைரஸ், மற்ற கிருமிகளைப் பற்றிய நினைவுகளை அழித்துவிட்டுப் போகிறது. அது நுழைவதே நினைவு செல்களின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துத்தான். தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை நெதர்லாந்தில் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்த முடிவு 2019இல் வந்தது, முன்பு இருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. தட்டம்மைத் தடுப்பூசியால் இந்த அழிவு நேர்வதில்லை. பாடத்தில் தட்டம்மைக்கு நீங்கள் கொடுத்திருப்பது காய்ச்சல், சிவந்த தடிப்பு, இருமல் என்ற மூன்று அறிகுறிகள். இந்த ஒரு பத்தியை அதற்குப் பதிலாகப் போட்டால் எத்தனை பெற்றோரின் தயக்கம் தீரும்.

எல்லாமே முடிந்துபோன விஷயம் என்று எழுதிவிடவும் வேண்டாம். சி. எலிகன்ஸ் என்ற சிறு புழு, தன்னை நோய்ப்படுத்தும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை ஒதுக்கக் கற்றுக்கொண்டு அந்த ஒதுக்கத்தை நான்கு தலைமுறை வரை பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது என்று பிரின்ஸ்டனிலிருந்து வந்தது. பாக்டீரியாவின் ஒரு சிறிய ஆர்என்ஏதான் அந்தப் பாடத்தின் மூலம் என்றார்கள். வேறொரு ஆய்வகம் திரும்பச் செய்து பார்த்து, முதல் தலைமுறைக்கு அப்பால் எங்களுக்கு வரவில்லை என்றது. இன்னொரு ஆய்வகம், எங்களுக்கு வந்தது என்கிறது. இதை அப்படியே போடுங்கள். எந்தச் சூழலில் புழுவை வளர்த்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று இரண்டு தரப்பையும் வைத்து மாணவர்களே வாதாடட்டும். பாடநூலில் சண்டை வரலாம், தப்பில்லை.

இடம் எங்கே என்று கேட்பீர்கள், அது நியாயமான கேள்விதான், பக்கக் கணக்கு உங்களுக்கு இருக்கும். ஆன்டிபாடியின் ஐந்து வகைகளுக்கு ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொன்றின் மூலக்கூறு எடை, இரத்தத்தில் அதன் சதவீதம், அதன் அரை ஆயுள் என்று நிரப்பியிருக்கிறீர்களே, பள்ளி மாணவர் யாருக்கும் அந்த மூலக்கூறு எடை தேர்வு முடிந்த மறுநாள் நினைவில் இருப்பதில்லை, வேண்டியவர் பின்னால் மேற்படிப்பில் பார்த்துக்கொள்வார். அதை எடுத்தால் அரைப் பக்கம். சிப்பாய்கள் வாளோடு நிற்பது போல் வெள்ளணுக்களை வரைந்திருக்கும் அந்த முழுப்பக்கப் படத்தை எடுத்தால் இன்னொரு பக்கம். கிரிஸ்பரைக் கடைசிப் பாடத்திலிருந்து இங்கே நகர்த்தினால் அதற்குப் புதிதாக இடமே வேண்டாம். மொத்தம் ஒன்றரைப் பக்கம் கிடைக்கிறது. தேனீயும் புகையிலையும் ஃபாரோ தீவும் தட்டம்மையும் அதற்குள் அடங்கும். லாம்ப்ரேயும் காட் மீனும் அடங்காவிட்டால் விட்டுவிடுங்கள், அவற்றை நான் வகுப்பில் பார்த்துக்கொள்கிறேன்.